தச்சர் மேல் ஒரு கண்

“அந்தத் தச்சர் மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க, சிஸ்டர். வேலை தேடி இந்த வெளிநாட்டுலயே நழுவிடுவார்னு தோணுது.”

யாத்திரைக் குழுவை அழைத்து வந்த போதகர் முதல் நாளே வழிகாட்டியின் காதைக் கடித்தார். குழுவில் ஒருவர் ஓடிப்போனாலும் அவளுடைய லைசென்ஸ் போய்விடும்.

அதிலிருந்து அவள் தச்சரின் நிழலானாள். பழைய கிணறு, குகைக் கோயில், ஞானஸ்நான ஆறு என்று எங்கே போனாலும் அவர்தான் கடைசி. “வாங்கண்ணே, வாங்கண்ணே” என்று கூப்பிட்டே அவள் தொண்டை கட்டிக்கொண்டது.

கடைசி நாள், ஆண்டவரின் காலிக் கல்லறை. பஸ்ஸுக்குத் திரும்பி வந்து பார்த்தால் தச்சரைக் காணோம்!

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்று பதறினார் போதகர். “நீங்க உள்ள போய்த் தேடுங்க, நான் ரோட்டுப் பக்கம் பாக்கறேன்!”

விழுந்தடித்து ஓடினாள். கல்லறைக் கோயிலின் பின்புறம், ஒரு பழைய கதவைத் தடவிக்கொண்டு நின்றார் தச்சர்.

“அண்ணே! உயிரே போயிடுச்சு எனக்கு. இங்க என்ன பண்றீங்க?”

“ஒரு ஆணி கூட அடிக்காம கோத்திருக்கான் பாரும்மா! போற இடமெல்லாம் கதவைத்தான் பாத்துட்டு வர்றேன். ஊருக்குப் போனதும் நம்ம சர்ச்சுக்கு இதே மாதிரி ஒண்ணு செய்யணும்.”

போன உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து பஸ்ஸில் ஏற்றினாள்.

“ஐயா, ஆள் கிடைச்சாச்சு!”

போதகரின் சீட் காலியாக இருந்தது. முன்சீட்டு அம்மாள்தான் குழப்பத்தோடு கேட்டாள்:

“இவரைத் தேடத்தானே ஐயா இறங்கிப் போனாரு? அதுக்கு எதுக்கும்மா பெட்டியையும் தூக்கிட்டுப் போனாரு?”