சிரிக்கிற தட்டு

டீச்சர் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் வருகைப் பதிவேடு. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

உள்ளே இரண்டு பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு மிதுனா. மூன்றாம் வகுப்பு நிவேதிகா.

மிதுனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தன் பெயர் எழுதிய துணிக் கிளிப்பை அழுகிற தட்டில் மாட்டினாள்.

நிவேதிகா அதைக் கழற்றிச் சிரிக்கிற தட்டில் மாட்டினாள்.

"இங்க மாட்டுனா அம்மா வந்துருமாக்கா?"

"வராது. ஆனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பென்சில் சீவிக் கொடுப்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

சுவரில் நான்கு காகிதத் தட்டுகள். சிரிப்பு, அழுகை, கோபம், பயம். டீச்சரான இவளே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தவை. கோபத்துக்குப் புருவம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

இரண்டு நாள் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். காலையில் வந்ததும் பிள்ளை தன் மனசு எப்படி இருக்கிறதோ அந்தத் தட்டில் கிளிப்பை மாட்டும். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்பார். அவ்வளவுதான் பாடம்.

மாட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

கேட்பதுதான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை நிவேதிகாவின் கிளிப் அழுகையில் இருந்தது. பார்த்தாள். சத்துணவு முடியட்டும், கேட்கலாம் என்று நினைத்தாள். சத்துணவு முடிந்தது. ஆன்லைன் பதிவு வந்து உட்கார்ந்துகொண்டது.

செவ்வாயும் அழுகை.

புதன்கிழமை அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். பதினெட்டுக் கிளிப் சிரிப்பில். ஒன்று மட்டும் அழுகையில். போட்டோவில் திருஷ்டிப் பொட்டு மாதிரித் தெரியும் என்று பட்டது.

இவளே கழற்றினாள். இவளே மாட்டினாள்.

நிவேதிகா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரி கண்ணு, போட்டோ எடுப்பாங்க."

குழந்தை சிரித்தது. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது.

"வெரிகுட்."

அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். வாட்ஸாப் குழுவில் நாற்பத்தொரு கைதட்டல். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை இரண்டு தடவை எண்ணினாள்.

வியாழக்கிழமை நிவேதிகா தானாகவே சிரிப்பில் மாட்டினாள். பரவாயில்லை, பிள்ளை தேறிவிட்டது என்று இவளுக்கு நிம்மதிகூட வந்தது.

நிம்மதி.

இப்போது வாசலில் நிற்கும்போது அதை நினைத்தால்தான் காது சுடுகிறது. ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை எத்தனை கேலி செய்திருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று எட்டு வயதுக் குழந்தைக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். குழந்தையும் ஒரே தடவையில் கற்றுக்கொண்டு, அடுத்த குழந்தைக்குச் சொல்லித்தருகிறது. இவள் நடத்திய வாய்ப்பாடுகூட இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் ஏறியதில்லை.

உள்ளே போனாள். தன் அம்மாவுக்காகக் காத்திருந்து பார்த்த பிள்ளைதான் 'வராது' என்று அப்படிச் சொல்லும் என்று பட்டது. நிவேதிகாவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"சாமி... அம்மா எங்க போயிருக்குது?"

நிவேதிகா சுவரைப் பார்த்தாள். தன் கிளிப் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள்.

"நல்லாருக்குதுங்க டீச்சர்."

கேட்டது அது இல்லை. மறுபடி கேட்க வாயெடுப்பதற்குள் பிரேயர் மணி அடித்துவிட்டது.

பிரேயர் முடிந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். இவள் சுவர்ப் பக்கம் போனாள். இவளுக்கும் ஒரு கிளிப் உண்டு. சிவப்பு. 'டீச்சர்' என்று எழுதியது. ஜூன் மாதம் சிரிப்பில் மாட்டியது, அப்படியே இருக்கிறது. ஆகஸ்டில் அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.

கழற்றினாள்.

வெட்கத்துக்கு ஒரு தட்டு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று வரையாமல் விட்டிருந்தாள்.

அழுகையில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

பத்தொன்பது பேரும் பார்த்தார்கள்.

காத்திருந்தாள். யாராவது ஒருவர் கேட்டால் போதும். ஏன் டீச்சர் என்று ஒரு வார்த்தை.

ஒருவன் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டான். யாரோ நோட்டைத் திறந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள்.

பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டாள்.

இடைவேளையில் குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். தண்ணீர் முகத்திலிருந்து சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள்.

சிவப்புக் கிளிப் சிரிப்பில் இருந்தது.

அதன் கீழே பெஞ்சை இழுத்துப் போட்டு, அதன்மேல் நிவேதிகா நின்றுகொண்டிருந்தாள்.

இறங்கினாள். பெஞ்சை முன்பு இருந்த இடத்துக்கே தள்ளி வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு டீச்சரின் முன்னால் வந்து நின்றாள்.

சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது. அதே புதன்கிழமைச் சிரிப்பு.

சிரித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

வெரிகுட் இன்னும் வரவில்லை.