அசையாமல் கேட்டவர்கள்

போர்ஃபிரி தன் புதிய இசைநாடகத்தின் முதல் அங்கத்தைப் பியானோவில் வாசித்து முடித்தார். இரண்டாம் பக்கத்திலேயே தேநீர் கேட்கும் மச்சான் தீகன்கூட இன்று வாயைத் திறக்கவில்லை. உறவும் நட்புமாகப் பதினோரு பேர், தலைகுனிந்து, கல்லாய்ச் சமைந்திருந்தார்கள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி கிளாஃபிராவிடம் கிசுகிசுத்தார். "பாத்தியா? பீட்டர்ஸ்பர்க்கே சொக்கிப் போச்சு!"

"சொக்கவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நல்ல சகுனத்துக்குன்னு நம்ம வழக்கப்படி ஒரு நிமிஷம் பேசாம உக்காருவோமே, அதுதாங்க இது. மிச்ச நாலு அங்கத்தையும் தினம் ஒண்ணா வாசிப்பேன்னு போன வாரமே சொன்னீங்கல்ல? எல்லாரும் மாஸ்கோவுக்கு டிக்கெட் எடுத்துட்டாங்க."

"தீகனுமா? உன் கூடப்பொறந்தவனாச்சே!"

"கொஞ்சம் காலை நகத்துங்க. பியானோவுக்கு அடியில என் பெட்டி இருக்கு."