பாதிக்கு மருந்து, பாதிக்கு மாவு

டாக்டர் கோதண்டபாணி கடைசிக் குடுவையையும் பினாயில் வாளியில் கவிழ்த்தார். குடல்புழு மருந்துக்காக ஏழு வருஷம் வளர்த்த பூஞ்சணம் அழுக்குத் துணி மாதிரி மிதந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போல மனசு மரத்திருந்தது, கோபம்கூட வரவில்லை.

ஏற்காட்டு மலையில் ஒரே ஒரு பட்ட மரத்தில் கிடைத்த பூஞ்சணம் அது. அந்த மரமும் போன மழையில் விழுந்து, யார் வீட்டு அடுப்பிலோ எரிந்து முடிந்திருந்தது.

வாசலில் இன்பமேரி வந்து நின்றாள். கொட்டச்சேடு எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பக ஆயா. டாக்டரின் புழு மருந்தை அங்கே அத்தனை பிள்ளைகளுக்கும் கொடுத்தது அவள்தான்.

“ஏனுங்க டாக்டரய்யா, அந்தப் பொட்டலம் இன்னுங் கொஞ்சம் கெடைக்குங்களா? பக்கத்தூரு செம்மநத்தத்துல புள்ளைக வயிறு ஊதிக் கெடக்குதுங்க. போன மாசம் ஒண்ணு செத்தே போச்சுங்க.”

“அது மருந்தே இல்லம்மா. தோத்துப்போச்சு.”

“நம்ம புள்ளைக நொம்ப நல்லா இருக்குதுங்களே! புழு கொத்துக் கொத்தா உழுந்துதுங்க.”

டாக்டர் அவளை வெறித்துப் பார்த்தார். பரிசோதனை தொடங்கிய அன்று, மாலையும் மைக்குமாக அவர் செய்த பிரசங்கத்தை மறந்துவிட்டாள் போலும். பிள்ளைகளின் பேர் எழுதிய பொட்டலங்களில் பாதி மருந்து, பாதி வெறும் மாவு. எது எதுவென்று தம்மைத் தவிர ஆண்டவனுக்கே தெரியாது என்று மார்தட்டியிருந்தார். கேட்ட தாய்மார்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானத்தின் மகிமையில் வாயடைத்துப் போனார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

“மருந்து தின்ன புள்ளைக்கும் புழு விழுந்துச்சு, மாவு தின்ன புள்ளைக்கும் அதே அளவு விழுந்துச்சு. அப்ப மருந்துக்கு அங்க என்னம்மா வேலை? புழு தானாப் போயிருக்கு. நேத்தே டிரங்கால் போட்டு டெல்லிக்குச் சொல்லிட்டேன்.”

இன்பமேரி வாளியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பாதிப் புள்ளைகளுக்கு வெறும் மாவுன்னா மனசு கேக்குமுங்களா?” என்றாள் மெதுவாக. “எல்லாப் பொட்டலத்தையும் ஒரே குண்டாக் கூழுல கலக்கிப்போட்டனுங்க.”