ஐந்து நாற்பது வண்டி

தொண்டைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்த டாக்டர், கவனக்குறைவில் குரல் நரம்பையும் சேர்த்து வெட்டிவிட்டார். "உயிர் பிழைச்சாங்களே, அதைப் பாருங்க" என்று ஆஸ்பத்திரி கையை விரித்தது. ஒன்பது வருஷமாக அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். அந்தக் காலத்தில் பதிவு செய்த குரல் அங்கே இன்னும் ஓடுகிறது. அதைக் கேட்கத்தான் கணவர் தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காருவார். 'வரும்' என்பதை லேசாக இழுப்பாள். கல்யாணமான புதிதில் "ஏங்க" என்று கூப்பிடும்போதும் அதே இழுப்புதான். அவர் "இதோ வந்துட்டேன்" என்பாரே தவிர, பேப்பரை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

நேற்று ஐந்து நாற்பது வண்டி வரும் என்று அதே குரல் இழுத்துச் சொன்னது. அந்த வண்டியைப் புதிதாக விட்டதே இந்தத் திங்கட்கிழமைதான்.

அவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் கேட்டார்.

"அந்த வண்டிக்கு இன்னும் யாரும் பேசிக் குடுக்கலையே சார். அக்கா அப்பவே பேசி வச்சாங்களோ என்னவோன்னு விட்டுட்டோம்."

அவர் பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மனைவி வாயை மூடியபடி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஏங்க... குளிருது. வீட்டுக்குப் போலாமா?"

அந்தக் குரலுக்கு ஒன்பது வயது கூடியிருந்தது.

"இதோ வந்துட்டேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றிருந்தார்.