கேலனுக்கு ஒன்பது மைல்

பினாங்கு வாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நாகூர் மீரான் கம்பெனியின் ஒரே லோரி, கேலனுக்குப் பதினாலு மைல் ஓடியது போய், ஒரு மாதமாக ஒன்பது மைல்தான் ஓடுகிறது. ராஜ்யம் கவிழ்ந்த செய்தியை வாசிப்பவர்போல, முதலாளி நாகூர் மீரான் சரக்குக் கிட்டங்கி வாசலில் நின்று ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி இதைச் சொன்னார்.

"பெட்ரோல் எங்கயும் பறந்து போகல முதலாளி. இவன்தான் விக்கிறான்," என்றார் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு.

டிரைவர் பக்கிரிசாமி லோரியின் புகைக்குழாயைக் காட்டினான். "வண்டி கரும்புகையாக் கக்குது கிராணியாரே. நோவு வண்டிக்குத்தான்லா."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன நோவுன்னு சொல்லு. இல்லேன்னா சாவிய வச்சிட்டுப் போ."

"சத்தம் வேணாம்," என்றார் முதலாளி. "நானே வண்டியில ஏறி ஆராயப் போறேன்."

லோரியில் முதலாளி ஏறுவது ஊரில் இல்லாத வழக்கம். ஆராய்ச்சி என்றபடியால் யாரும் சிரிக்கவில்லை. குடை, மூக்குக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம் சகிதம் அவர் தினமும் பக்கிரிசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் பூலாவ் வரை போனார். ஜாதிக்காய் மூட்டைகளோடு திரும்பினார்.

வழியெல்லாம் முதலாளியின் பேச்சுதான். மனைவி மௌத்தாகி இரண்டு வருஷம். சிங்கப்பூர் மகன் பெருநாளுக்குப் பெருநாள் கடிதம் போடுவான். வீட்டில் பன்னிரண்டு நாற்காலி, பதினொன்றுக்கு வேலையில்லை. நோட்டில் மட்டும் ஒரு வரிகூட ஏறவில்லை.

கூலி வரிசை வீட்டில் தனியாகப் பொங்கித் தின்னும் பக்கிரிசாமிக்கு அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம்தான் பிடிக்கவில்லை.

டயரில் காற்று சரி. பிரேக் உரசவில்லை. டாங்கியில் ஒழுக்கு இல்லை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது. கடைசியில் அகப்பட்டது காபரேட்டர் திருகு: இரண்டு சுற்று தளர்ந்து, பெட்ரோலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. மாலையில் இறுக்கினான். காலையில் பார்த்தால் மறுபடி தளர்ந்திருந்தது.

யாரோ கை வைக்கிறார்கள். சொன்னால், 'திருகினதே நீதான்' என்பார் கிராணி. வியாழன் மாலை, கழுவினாலும் லேசில் போகாத கறுப்பு மசையைத் திருகின் தலையில் தடவி வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை திருகு தளர்ந்திருந்தது. மசையும் கலைந்திருந்தது. ஓடிப்போய்க் கிராணியின் கைகளைப் பார்த்தான். பால்போல இருந்தன.

"என்ன பார்வை? சாவிய எடு," என்று அந்தக் கை நீண்டது.

"ஆராய்ச்சி இன்னும் முடியல கிராணி," என்றார் முதலாளி. "அவசரப்பட்டா உண்மை கெட்டுப்போகும்." வழக்கமாக ஆடும் விரல் இன்று ஆடவில்லை. வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

பாலிக் பூலாவ் கடையில் ரொட்டி வாங்கினார். வாங்கியதை அப்படியே பக்கிரிசாமி பக்கம் தள்ளினார்.

"நீங்க சாப்பிடலையா முதலாளி?"

"பசியில்லப்பா." இடது கையால் கோப்பியை மட்டும் எடுத்துக் குடித்தார். ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கிரிசாமி மெல்லுவதை நிறுத்தினான். அவருடைய கோட்டுப் பையைப் பார்த்தான். திரும்பும் வழியில் வண்டியை மெதுவாகவே ஓட்டினான்.

மாலையில் முதலாளியின் வீட்டு வாசலில் நிறுத்தினான். அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஒரு ஜன்னலில்தான் வெளிச்சம். முதலாளி இறங்கி, தொண்டையைக் கனைத்து, முறைப்படி அறிவித்தார்: "நாளைக்கும் ஆராயணும். காரணம் இன்னும் புரிபடல."

பக்கிரிசாமி ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"இஸ்குரூவத் தொட வேணாம் முதலாளி. நாளைக்கு சும்மாவே ஏறிக்குங்க."