எங்கிருந்து எங்கே

"வண்டியை நகட்டிறாதீங்க மேடம். முதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க" என்றது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பேசிய பெண் குரல்.

பாண்டிசெல்வி எடுத்தாள். நசுங்கிய பானெட், ரோட்டில் சில்லுச் சில்லாய்க் கிடந்த ஹெட்லைட், இரண்டு கார்களின் நம்பர். முன்னால் நின்ற காரை எடுக்கும்போது அதன் சொந்தக்காரர் ஓரடி விலகிக்கொண்டார்.

அவர் சௌந்தரபாண்டியன். அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மெயின் ரோட்டில், இருளப்பசாமி டீக்கடை வாசலிலிருந்து அவர் ரிவர்ஸ் எடுத்தார். வடக்கே போய்க்கொண்டிருந்த அவள் பிரேக்கை மிதித்தும் கார் நிற்கவில்லை. இறங்கிப் பார்த்தபோதுதான் இருவருக்கும் யாரென்று தெரிந்தது.

அம்மாவின் பதினாறாம் நாள் பந்தியில் கிளம்பிய வாய்ச்சண்டை. ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

இன்னும் பன்னிரண்டு நாளில் அவள் மகள் சத்யப்பிரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நிற்கவேண்டிய சடங்குகள் வரிசையாக இருந்தன. அதை நினைத்து ஒரு மாதமாக அவளுக்குச் சரியான உறக்கமில்லை.

"அண்ணாச்சி, காருல பிரேக்குன்னு ஒண்ணு இருக்குன்னு அந்தம்மாட்ட சொல்லுங்க" என்றார் அண்ணன், டீக்கடையைப் பார்த்து.

"ரிவர்ஸ் எடுக்கிறவிய கண்ணாடியப் பாத்து எடுக்கணும்னு அவியட்ட சொல்லுங்க அண்ணாச்சி."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது? எனக்கு யாவாரம் கிடக்கு" என்று இருளப்பசாமி உள்ளே போய்விட்டார்.

பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் பாண்டிசெல்வி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த வண்டி ஓட்டினவர் பேரு கேட்டுச் சொல்லுங்க மேடம்."

கேட்க வேண்டியிருக்கவில்லை. "மு. சௌந்தரபாண்டியன்."

"அவரோட போன் நம்பர்?"

பத்து எண்ணையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த நம்பரைப் போனிலிருந்து அழித்து ஆறு வருஷம் ஆகிறது.

ஒடுங்கிய டிக்கியைத் தடவிக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது.

"எங்கிருந்து எங்க போயிட்டிருந்தீங்க மேடம்?"

"ராஜபாளையத்துல இருந்து…"

ஒரு பஸ் முழுசாகக் கடந்து போனது.

"லைன்ல இருக்கீங்களா? எங்க போற வழியில?"

"இங்கதான். எம் மக கல்யாணத்துக்கு எங்க அண்ணனுக்குப் பத்திரிகை வைக்க."

"வாழ்த்துகள் மேடம்" என்றது குரல், கீபோர்டைத் தட்டிக்கொண்டே. காரை இனி ஓரமாக விட்டுக்கொள்ளலாம். இழுத்துப்போகும் வண்டி வர இரண்டு மணி நேரமாகும். சர்வேயர் நாளை வந்து பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் எதையும் கழற்றக் கூடாது.

கார்களை ஓரங்கட்டிவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

இந்தமுறை அண்ணன் டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை.

"ஏட்டி, எங்க தெருவத் தாண்டி அரைக் கிலோமீட்டர் வந்துட்ட."

அவள் நசுங்கிய பானெட்டை அமுக்கிப் பார்த்தாள்.

அவர் செத்த நேரம் அவள் முகத்தையே பார்த்தார்.

"ஆறு வருஷம்லா. வழி மறக்கத்தான் செய்யும்" என்றார். "உன் மதினி வீட்டுலதான் இருக்கா. பத்திரிகைய எடுத்துக்கிட்டு வா, நடந்தே போயிரலாம்."

"நீ முன்னால போண்ணே. வாரேன்."

அவர் பத்தடி போனதும் அவள் பின்கதவைத் திறந்தாள். சீட்டில் தாம்பாளம் சரிந்து, பழங்கள் உருண்டு கிடந்தன. வெற்றிலையோடு கிடந்த பத்திரிகையை எடுத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உறை. அதன்மேல் நேற்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள்: ஐயாதுரை அண்ணன், வ. புதுப்பட்டி.

பெரியப்பா மகன்; ஊர் இன்னும் வடக்கே. தாய்மாமன் இடத்தில் வந்து நிற்க முடியுமா என்று அவரைக் கேட்கத்தான் கிளம்பியிருந்தாள்.

பையில் பெயர் எழுதாத உறைகள் இருந்தன. ஒன்றை உருவினாள்.

"அண்ணாச்சி" என்றாள், டீக்கடைப் பக்கம் திரும்பி, அண்ணனுக்குக் கேட்காத குரலில். "ஒரு பேனா இருக்குமா?"