ஊற்றைச் சுற்றி ஒரு கயிறு

மதிய வெயிலில் ஊற்றின் அடித்தரை வரை தெரிகிறது. கூழாங்கற்களுக்கு மேலே செதிலில்லாத சிறு மீன்கள் நிற்கின்றன. நேற்று, இங்கே குதிரை மேய்க்கும் உல்ஜான்தான் அவற்றுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, "எங்க ஊத்து பனிக்காலத்துலயும் உறையாது தம்பி. இந்த மீனை வேற எங்கயும் பாக்க முடியாது" என்று மலைத் தண்ணீரை ஆராய வந்த குழுவிடம் பெருமையடித்துக்கொண்டாள். இன்று அவள் கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இரும்பு முளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் மீன்கள் சிதறிச் சிதறிக் கூடுகின்றன. குழுத் தலைவன் எர்மெக் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கட்டியபடி சிரிக்கிறான். "சந்தோஷப்படுங்கக்கா. இந்த மலையிலேயே முதல்ல காப்பாத்த வேண்டிய தண்ணி உங்களுதுதான். இனிமே ஒரு குளம்பு இதுல படக்கூடாது." "என் குதிரைங்க எங்க போய்க் குடிக்கும்?" "ஆத்துல குடிக்கட்டும்." "ஆறு மலைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு?" "அப்ப நீங்களும் அந்தப் பக்கம் போயிடுங்க." சம்மட்டிக்காரர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

மேய்ச்சலிலிருந்து இறங்கி வந்த பெண் குதிரை கயிற்றுக்கு மேலே கழுத்தை நீட்டுகிறது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி நிற்கிறது. எர்மெக் ஒரு சாட்டையை எடுத்து உல்ஜானின் கையில் திணிக்கிறான். "நீங்க சொன்னாத்தான் கேக்கும், நீங்களே விரட்டுங்க. தாண்டிச்சுன்னா குட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவோம்." அவள் குட்டியைப் பார்க்கிறாள். பிறகு அடிக்கிறாள். மூக்கில் அடி விழுந்த குதிரை மிரண்டு, ஒளிய இடம் தேடுவதுபோல நேராக அவளிடமே வந்து அவள் தோளில் முகத்தைப் புதைக்கிறது. "இன்னும் கொஞ்சம் பலமா போடுங்கக்கா" என்கிறான் எர்மெக்.